எந்த வண்ணாத்தி?

வாசுதேவநல்லூருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேற்கே மலை. மற்ற பக்கமெல்லாம் வயலும் குளமும். பூலித்தேவனின் கோட்டை இருந்த ஊர் என்று சரித்திரப் புத்தகங்களில் வரும். மீன் என்றால் அங்கே குளத்து மீன்தான்.

குளம் வற்றுகிற காலத்தில் சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும் ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். 'இது விரால், இது குறவை' என்று பட்டென்று பிரித்துச் சொல்லிவிடுவான். நமக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் பாம்பு மாதிரி தலை, உருண்டு நீண்ட உடம்பு. 'எப்படிடா கண்டுபிடிச்சே?' என்று கேட்டால், 'பாத்தாத் தெரியாதா?' என்பான்.

பார்த்தால் தெரியாது. பார்த்துப் பழகினால்தான் தெரியும். விராலின் விலாவில் சாய்வான பட்டைகள் இருக்கும். குறவையின் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். அந்தச் சிறுவன் இதைப் புத்தகத்தில் படித்ததில்லை. பெரியப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கொடுத்தது.

இப்போது ஒரு ஆச்சரியம். 1801-ல் பிரான்ஸில் ஒரு மீன் நூல் வெளிவந்தது. எழுதியவர் லாசெபெட், அந்தக் காலத்தின் பெரிய இயற்கை ஆய்வாளர். அதில் இரண்டு மீன்களுக்கு அவர் கொடுத்த லத்தீன் பெயர்கள்: 'ஒஃபிசெபாலஸ் வ்ரால்', 'ஒஃபிசெபாலஸ் கருவெய்'. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வரால், குறவை! நம் குளத்து மீன்கள் பாரீஸுக்கு எப்படிப் போயின? அதுவும் தங்கள் தமிழ்ப் பெயரையும் தூக்கிக்கொண்டு?

அவை போன வழி, தரங்கம்பாடி.

1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்காரர்களின் ஊர். சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் அச்சுக்கூடம் வைத்ததும் நமக்குத் தெரியும். அவருக்குப் பல வருடங்கள் கழித்து, 1771-ல் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே வந்தார். அவருக்குப் பிரசங்கம் ஒரு வேலை என்றால், கடற்கரை இன்னொரு வேலை. சிப்பி, பாம்பு, மீன் என்று எது கிடைத்தாலும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவார். இருதலை மணியன் என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசி ஏமாற்றுகிறார்களே, அந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயர் 'எரிக்ஸ் ஜானி'. அந்த ஜானி வேறு யாருமில்லை, இந்தத் தரங்கம்பாடி ஜான்தான்.

மீன்களை ஜான் அனுப்பியது பெர்லினில் இருந்த ஒரு டாக்டருக்கு. பெயர் மார்க்கஸ் புளோக். ஏழை யூதக் குடும்பத்தில் 1723-ல் பிறந்தவர். பத்தொன்பது வயது வரை அவருக்கு ஜெர்மன் மொழியே சரியாகப் படிக்கத் தெரியாது. பிறகு மருத்துவம் படித்து, தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, அந்தப் பணத்தையெல்லாம் மீனில் கொட்டினார். 1782-லிருந்து 1795 வரை, 12 பாகங்கள், 432 வண்ணப் படங்கள் என்று அவர் கொண்டுவந்த மீன் நூல் ஐரோப்பாவையே அசத்தியது. கைக்காசு தீர்ந்ததும் பிரபுக்களும் செல்வந்தர்களும் ஆளுக்கொரு படத்துக்குப் பணம் கொடுத்தார்கள்.

புளோக் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. ஆனால் ஜான் அனுப்பிய மீன்களோடு, கரையில் மீனவர்கள் சொன்ன பெயர்களும் போய்ச் சேர்ந்தன. புளோக் அவற்றை அலட்சியப்படுத்தவில்லை. தன் நூலில் எழுதி வைத்தார். சிலவற்றை லத்தீன் பெயராகவே ஆக்கிவிட்டார். 1793-ல் ஒரு மீனுக்கு அவர் வைத்த பெயர் 'ஜானியஸ் கருட்டா'. முதல் பாதி, மீனை அனுப்பிய ஜானுக்கு மரியாதை. இரண்டாவது பாதி? கருத்த கத்தலை! தரங்கம்பாடி மீனவர் வாயிலிருந்து விழுந்த 'கருத்த' என்ற சொல் இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த மீனின் பெயராக இருக்கிறது.

லாசெபெட் வைத்த வ்ராலும் கருவெய்யும் நிலைக்கவில்லை. அதே மீன்களுக்குப் புளோக் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார். முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது மீன் சாஸ்திரத்தில் விதி.

தரங்கம்பாடி ஜெர்மானியர்கள் தமிழை 'மலபாரி' என்றும் எழுதுவார்கள். அதனால் பழைய நூல்களில் 'மலபார்ப் பெயர்' என்று இருந்தால் உடனே கேரளா என்று நினைத்துவிடக் கூடாது. சொல்லை வாய்விட்டுப் படித்தால் பல நேரம் தமிழ் காதில் விழும்.

இது நம்மூரில் மட்டும் நடந்த கதை இல்லை. ஃபோர்ஸ்கால் என்ற ஸ்வீடன்காரர் செங்கடலில் மீன் சேகரித்தார். 1763-ல் ஏமன் நாட்டில் மலேரியா கண்டு இறந்துபோனார். அவர் குறிப்புகளை நண்பர் நீபூர் 1775-ல் பதிப்பித்தார். நாம் குழம்பு வைக்கிற கிழங்கான் இருக்கிறதே, அதன் அறிவியல் பெயர் 'சில்லாகோ சிஹாமா'. சிஹாமா என்பது அரபு மீனவர் சொல். விசாகப்பட்டினத்தில் 200 மீன்களைப் படம் வரைந்து 1803-ல் நூல் போட்ட பாட்ரிக் ரஸ்ஸல், மீன்களுக்கு உள்ளூர்ப் பெயர்களையே தலைப்பாக வைத்தார். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்கிறார்களே, அந்த ரஸ்ஸல்தான்.

ஏன் இந்த அறிஞர்கள் மீனவர் பேச்சைக் கேட்டார்கள்? மரியாதை ஒரு காரணமாக இருக்கலாம். முக்கியமான காரணம், மீனவர் பெயரில் விஷயம் இருந்தது. பால் சுறா, கொம்பன் சுறா, புள்ளிக் கலவா, கருத்த கத்தலை... இவற்றைக் கொஞ்சம் கவனியுங்கள். குலத்துக்கு ஒரு பெயர், அதற்குள் ஆளைப் பிரிக்க ஓர் அடையாளம். 1758-ல் லின்னேயஸ் உலகத்து விலங்குகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் முறையை நிலைநாட்டினார் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நம் கடற்கரையில் அதே போன்ற ஒரு முறை வாய்மொழியாகவே நடந்துகொண்டிருந்தது.

பெயருக்குள் மீனின் குணமும் இருக்கும். குளத்தில் பனையேறிக் கெண்டை என்று ஒன்று உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் நீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டனில் அச்சேறிய இந்தச் செய்தியைப் பலர் நம்பவில்லை. மீனாவது, மரம் ஏறுவதாவது! இன்றுவரை அந்தப் பனைமரக் கதையைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆனால் அது நீரைவிட்டு வெளியேறித் தரையில் செவுளை ஊன்றி நகரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கரையில் இருந்தவர்கள் அதைப் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

சரி, பெர்லின் டாக்டருக்கு வருவோம். அவருக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அவரிடம் வந்தவை செத்த மீன்கள். சாராயத்தில் ஊறி, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து, நிறமெல்லாம் வெளுத்துப்போனவை. கத்தலைக்கும் விராலுக்கும் இதனால் பெரிய பாதகமில்லை. பவளப்பாறையில் வாழும் சின்ன மீன்களுக்கு? அவற்றின் அடையாளத்தில் பாதி நிறத்தில் இருக்கிறது!

அதைவிட மோசம், பவளப்பாறை மீன்கள் சட்டை மாற்றும். சக்கரவர்த்தி என்ற பொருளில் 'இம்பரேட்டர்' எனப் பெயர் பெற்ற ஏஞ்சல் மீன் ஒன்று உண்டு. நீல உடம்பில் மஞ்சள் கோடுகள் நெடுக ஓடும். 1787-ல் அதற்குப் பெயர் வைத்தவர் புளோக். அவர் 1799-ல் இறந்த பிறகு, மிச்சமிருந்த கையெழுத்துப் பிரதியை ஷ்னைடர் என்ற அறிஞர் 1801-ல் பதிப்பித்தார். அதில் நிக்கோபார் தீவிலிருந்து இன்னொரு மீன்: கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், வளையத்துக்குள் வளையம். அதற்கு நிக்கோபார் பெயரையே வைத்தார்கள்.

இரண்டு மீன், இரண்டு பெயர். பிற்காலத்தில்தான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டும் ஒரே இனம்! வளையம் போட்டது குட்டி. கோடு போட்டது வளர்ந்தது. பெரிய மீன் தன் எல்லைக்குள் தன் இனத்து இன்னொன்றை விடாது, அதனால் குட்டிக்கு வேறு சட்டை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கிளிமீன்கள் இன்னும் கில்லாடிகள். பெண்ணாக இருந்தபோது ஒரு நிறம், வளர்ந்து ஆணாக மாறினால் வேறு நிறம். ஒரே கிளிமீனுக்கு இரண்டு மூன்று பெயர் வைத்துவிட்டு அறிஞர்கள் திண்டாடினார்கள்.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் மீனை உயிரோடு, அது வாழும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நம் கடலில் அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்து முத்து, சங்கு குளியாளிகள். மூச்சை அடக்கிக்கொண்டு மன்னார் வளைகுடாவின் அடிக்குப் போய் வந்தவர்கள். ஆனால் அவர்கள் பார்த்ததைக் கேட்டு எழுதிவைக்க ஒரு ஜான் பாதிரியார் அங்கே வாய்க்கவில்லை. அரசாங்கம் அவர்களிடம் எண்ணி வாங்கியது முத்தையும் சங்கையும்தான்.

1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கன்யானும் சேர்ந்து, முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியைச் செய்தார்கள். இன்றைய ஸ்கூபா அதன் வாரிசு. அதன் பிறகு மீனைப் பார்க்கிற முறையே மாறியது. முன்பு மீன் மனிதனிடம் வந்தது, செத்து. இப்போது மனிதன் மீனிடம் போனான்.

போனவுடனே எல்லாம் தெரிந்துவிடுமா? முதல் முறை நீருக்குள் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான். நூறு மீன் சுற்றிச் சுற்றி வரும். மேலே வந்ததும் 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டால், 'கலர் கலரா ஒண்ணு போச்சு' என்பார்கள். அந்த 'கலர்' தான் ஏமாற்றுப் பேர்வழி. நீருக்குள் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு. பத்து மீட்டர் ஆழத்தில் செக்கச் சிவந்த மீன் பழுப்பாக, சாம்பலாகத் தெரியும். டார்ச் அடித்தால்தான் நிஜ நிறம். அதனால் அனுபவசாலிகள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் உருவம். தட்டு மாதிரி இருக்கிறதா, குழல் மாதிரி இருக்கிறதா? அடுத்து வாய் எங்கே இருக்கிறது? வால் பிளந்திருக்கிறதா, வட்டமா? என்ன செய்துகொண்டிருக்கிறது? பவளத்தைக் கொறிக்கிறதா, மணலைக் கிளறுகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? பிறகுதான் கோடு, புள்ளி, நிறம்.

வாய் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். பவளப்பாறையில் விரல் நீளத்தில் ஒரு துப்புரவு மீன் உண்டு. நீல உடம்பில் ஒரு கறுப்புப் பட்டை. பெரிய மீன்கள் இதன் முன்னால் வரிசையில் வந்து நின்று வாயைத் திறந்து காட்டும். இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும். நம்மூர் சலூன் மாதிரி! அதே நிறம், அதே பட்டை, அதே நடையோடு ஒரு போலியும் அங்கே திரிகிறது. சுத்தம் செய்யும் என்று நம்பி நிற்கிற மீனின் துடுப்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நிஜ மீனுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். போலிக்கு வாய் கீழே தள்ளி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோமாளி மீனைப் பார்த்தால் குழந்தைகள் 'நீமோ' என்று கத்துவார்கள், 2003-ல் வந்த படத்தின் உபயம். ஆனால் அந்த இனத்திலும் பல உண்டு. நம் பக்கத்துக் கடலில் இருக்கும் 'செபே' வகைக்கு வெள்ளைப் பட்டை இரண்டு, வால் மஞ்சள். 'கிளார்க்கி' வகையில் மூன்றாவதாக வால் அடியிலும் ஒரு வெள்ளைப் பட்டை. கிளார்க்கிக்குப் பெயர் வைத்தவர் பென்னட், 1830-ல், இலங்கைக் கடலில் கிடைத்த மீனைப் பார்த்து. ஆக, எண்ணத் தெரிந்தால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம்.

'அதுசரி, செபேயாக இருந்தால் என்ன, கிளார்க்கியாக இருந்தால் என்ன? பார்க்க அழகாக இருக்கிறது, போதாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு மன்னார் வளைகுடாவுக்குப் போவோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அங்கே குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அந்த நிலையத்தின் ஜோன்ஸும் குமரனும் லட்சத்தீவு மீன்களைப் பற்றி 1980-ல் எழுதிய நூலில் 603 வகை மீன்கள் இருக்கின்றன. ஆகவே, தேடிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு பக்கம், பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், கட்டடத்துக்குப் போட்டார்கள். 1986-ல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் பவளங்களும் கடல்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாறையை வெட்டுவது ஓய்ந்தது. கடலின் சூடு ஓயவில்லை. 1998, 2010, 2016 என்று நீர் சூடேறிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. வெளுத்தவற்றில் ஒரு பகுதி மறுபடி தேறியது, ஒரு பகுதி செத்தது.

பவளம் செத்தால் மீனுக்கு என்ன ஆகும்? இங்கேதான் நம் வண்ணாத்தி வருகிறது. தட்டையான உடம்பு, கூரான வாய், மஞ்சளும் கறுப்புமாகக் கோடு. வண்ணத்துப்பூச்சியின் பெயரை நம் மக்கள் இந்த மீனுக்கும் கொடுத்தார்கள். அழகான பெயர்தான். ஆனால் ஒரு குறை. சமையலுக்கு உதவாத சின்ன மீன் என்பதால், உள்ளே பிரித்துப் பெயர் வைக்க யாருக்கும் அவசியம் நேரவில்லை. சுறாவுக்குப் பத்துப் பெயர் வைத்த கடற்கரை, இத்தனை வகைக்கும் பொதுவாக வண்ணாத்தி என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

இதில் இரண்டு வண்ணாத்திகளைப் பார்ப்போம். ஒன்றின் பெயர் 'ஆரிகா'. செங்கடலில் பார்த்து ஃபோர்ஸ்கால் பெயர் வைத்தது. புழு, பாசி, பவளம் என்று கிடைத்ததைத் தின்னும். இன்னொன்று 'ட்ரைஃபேசியேட்டஸ்'. லட்சத்தீவு, அந்தமான் பக்கம் உண்டு. 1797-ல் இதற்குப் பெயர் வைத்தவர் முங்கோ பார்க். ஆம், ஆப்பிரிக்காவில் நைஜர் நதியைத் தேடிப் போனாரே, அவரேதான். இந்த வண்ணாத்திக்கு உயிருள்ள பவளம்தான் சோறு. வேறு எதையும் தொடாது.

இப்போது ஒரு பாறையில் பவளம் வெளுத்துச் சாகிறது என்று வையுங்கள். இரண்டாவது வண்ணாத்தி பட்டினியில் மறைந்துவிடும். முதலாவது சமாளித்துக்கொண்டு அங்கேயே திரியும். மறு வருஷம் ஒருவர் முங்கிப் பார்க்கிறார். 'வண்ணாத்தி இருக்கா?' 'இருக்கே, நிறைய இருக்கு!' அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓர் இனம் அந்தப் பாறையைவிட்டே போய்விட்டது. அதற்கென்று தனிப் பெயர் அவரிடம் இல்லாததால், போனது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஒருவர் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்பது பெயர், அடுத்தது அங்க அடையாளம். இரண்டும் இல்லாமல் புகார் எழுத முடியாது. கடலுக்கும் அதேதான். பெயர் தெரிந்ததைத்தான் 'காணோம்' என்று சொல்ல முடியும். பெயர் இல்லாதது, இருந்ததாகவே கணக்கில் வராது.

அதனால்தான் ஸ்கூபா போகிறவர்கள் கையில் சிலேட்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, நீருக்குள்ளேயே பென்சிலால் வாயின் வடிவத்தையும் பட்டையின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வது வெறும் பொழுதுபோக்கு இல்லை. தேதி போட்டு, இடம் போட்டு, இன்ன மீன் என்று எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை இன்னும் பலமாக்கக்கூடியவர்கள் கரையில் இருக்கிறார்கள். சங்கு குளித்த பெரியவர்கள், வலையிழுத்து முடி நரைத்தவர்கள். கிளாத்தி எந்தப் பாறையில் கூடும், ஓரா எப்போது மேயும், அஞ்சாலை எந்தப் பொந்தில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைக்கு வருகிற நாலைந்து மீன்களைத் தவிர மற்றதெல்லாம் அவர்களுக்கும் 'கலர் மீன்'தான்.

இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால், தமிழ்நாட்டையே பார்க்காத ஒரு பெர்லின் டாக்டர், தரங்கம்பாடிக் கரையில் யாரோ சொன்ன 'கருத்த' என்ற ஒரு சொல்லை விட்டுவிடாமல் எழுதி வைத்தார். சொன்ன மீனவர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் சொல் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு நம்மிடம் காற்றுக் குடுவை இருக்கிறது, நீருக்குள் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது, சொல்லத் தெரிந்த பெரியவர்களும் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, 'ஐயா, இது எந்த வண்ணாத்தி?' என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி.